படகின் அடியில் வெடிப்பு: பூசி மறைப்பதா, இணைத்துக் கட்டுவதா?

மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாகலை அணை கட்டப்பட்டு, 1969ஆம் ஆண்டில் பள்ளத்தாக்கில் நீர் நிறைந்தபோது, பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீருக்குள் போயிற்று. கடைவீதியும், கோயிலும், பள்ளிவாசலும், விகாரையும், மக்கள் பயிர் செய்த நிலங்களும் மூழ்கின. நகரம் மேட்டு நிலத்தில் புதிதாக அமைந்தது. கோடை காலத்தில் நீர்மட்டம் தாழும்போது பழைய கட்டடங்களின் எச்சங்கள் இன்றும் வெளியே தலைகாட்டுகின்றன. நிலத்தை நீருக்குக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே நீரின்மேல் படகு விட்டு மீன் பிடிப்பதையும், ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்வதையும் நாம் காண்கிறோம்.

இந்தப் படகுகளில் பல, பைபர் படகு என்று நாம் சொல்லும் கண்ணாடி நார்ப் படகுகளே. மரத் தோணியைப் போல இவை உக்குவதில்லை, செல்லரிப்பதில்லை. எனினும் இவை வெடிக்கும். சனவரி முதல் ஏப்ரல் வரை நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் நாட்களில், நீருக்குச் சற்றுக் கீழே மறைந்து நிற்கும் பாறையும், பழைய சுவரும், மரக்கட்டையும் படகின் அடியில் மோதுகின்றன. கற்கள் நிறைந்த கரையில் படகை இழுத்து ஏற்றும்போதும் அடி தேய்கிறது. முதலில் மயிரிழை போன்ற ஒரு கோடு தோன்றும். சில வாரங்களில் அது நீர் கசியும் வெடிப்பாகிவிடும்.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? கையில் கிடைத்த தாரையோ, சீமெந்தையோ, வாகனங்களுக்குப் பூசும் புட்டியையோ வெளிப்புறமாக அப்பி மறைக்கிறோம். கசிவு சில நாள் நிற்கிறது. பிறகு அதே இடத்தில் முன்னையிலும் பெரிதாக வெடிக்கிறது. நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டியதைக் கோடரி கொண்டு வெட்டும் நிலைக்கு நாமே கொண்டுவந்து விடுகிறோம். நீர்த்தேக்கத்தின் நடுவில் படகின் அடி திறந்துகொண்டால் போவது படகு மட்டுமல்ல. மலைநாட்டில் நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு. நீரோ ஆழமானது, குளிரானது.

ஆகவே, பைபர் படகின் வெடிப்பை எவ்வாறு சரியாகத் திருத்துவது என்பதை இக்கட்டுரையில் படிப்படியாக விளக்க முயல்கிறோம். 1977, 1983 வன்செயல்களின்பின் மலையகத்திலிருந்து வன்னிக்குச் சென்று, போரினால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து, இன்று ஒரு குளத்தோரத்திலோ வாவிக்கரையிலோ சிறு படகை நம்பி வாழும் வாசகர்களுக்கும் இது பயன்படும். துடுப்புப் போடும் தோணியானாலும், பாய் கட்டி ஓட்டும் சிறு படகானாலும் திருத்தும் முறை ஒன்றே.

பைபர் என்பது என்ன?

பழைய மண் வீட்டுச் சுவரை நினைத்துப் பாருங்கள். கம்புகளை நட்டு, வரிச்சுக் கட்டி, அதன்மேல் மண்ணை அப்புகிறோம். மண் மட்டும் இருந்தால் மழையில் இடிந்து விழும். கம்பு மட்டும் இருந்தால் காற்று புகும். இரண்டும் சேர்ந்தால்தான் சுவர். பைபர் படகும் அப்படித்தான். மெல்லிய கண்ணாடி நார்களாலான விரிப்பை, பொலியெஸ்டர் ரெசின் எனும் திரவப் பிசினில் நனைத்து, அடுக்கடுக்காக அச்சில் வைத்து இறுக விடுகிறார்கள். நார் வலுவைத் தருகிறது. ரெசின் அந்த நார்களைப் பிடித்து வைத்திருக்கிறது. ரெசின் மட்டும் தனியே இறுகினால் கண்ணாடித் துண்டுபோல உடைந்துவிடும்.

வெளிப்புறத்தில் பளபளப்பாகத் தெரியும் நிறப்பூச்சுக்கு ஜெல்கோட் என்று பெயர். இது அரை மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ளது. நீர் உள்ளே போகாமல் தடுப்பதும், வெயிலிலிருந்து காப்பதுமே இதன் வேலை. இது படகுக்கு வலுவூட்டுவதில்லை.

இந்தத் தொழில் நமது நாட்டுக்குப் புதியதல்ல. யாழ்ப்பாணத்துக் காரைநகரில் நோர்வே நாட்டவரின் உதவியோடு உருவான சீநோர் நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே பைபர் படகுகளைக் கட்டத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோள் கரையோரப் படகுகளை அழித்தபின், நாடெங்கும் பைபர் படகுகள் அவசர அவசரமாகக் கட்டப்பட்டன. அவற்றில் பல தரக்குறைவாக இருந்தமையால், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் படகு கட்டுவோருக்குப் பயிற்சி அளிக்க நேர்ந்தது. நன்கொடையாகவோ, பழைய படகாகவோ நம் கைக்கு வந்தவற்றில் அத்தகையவையும் இருக்கக்கூடும். ஆகவே நமது படகை நாமே சோதித்து அறிவது நல்லது.

பூச்சு ஏன் நிற்பதில்லை?

படகு நீரில் அசையும்போது அதன் அடிப்பலகை சிறிது வளைந்து நிமிர்கிறது. வெடித்த இடத்தில் நார்கள் அறுந்திருப்பதால், வெடிப்பின் இரு கரைகளும் ஒவ்வோர் அலைக்கும் திறந்து மூடுகின்றன. மேலே அப்பிய புட்டியில் நார் இல்லை. அது இந்த அசைவைத் தாங்காமல் உடைகிறது அல்லது கழன்று விழுகிறது. அதற்குள் நீர் வெடிப்பின் வழியாக நார்களுக்கிடையே புகுந்து, அடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிடுகிறது. வெளியே அடைபட்டுத் தெரிந்தாலும் உள்ளே காயம் பெருகிக்கொண்டிருக்கும்.

எனவே துவாரத்தை அடைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். அறுந்த நார்களுக்குப் பதிலாகப் புது நார்களை, வெடிப்பின் இருபுறமும் உள்ள நல்ல பகுதியோடு அகலமாக ஒட்டிக் கட்ட வேண்டும். இனிச் சொல்லப்போகும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றுக்காகவே.

முதற்படி: காயத்தின் அளவை அறிதல்

படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, சோப்பு நீரால் பாசியையும் எண்ணெயையும் நன்கு கழுவுங்கள். பின்வருமாறு பாருங்கள்.

அ) வெடிப்பு இருக்கும் இடத்தில் சிறிது மையைத் தடவி உடனே துணியால் துடையுங்கள். வெடிப்புக்குள் போன மை அங்கேயே நிற்கும். கண்ணுக்குத் தெரியாத கிளை வெடிப்புகளும் இப்போது தெரியும்.

ஆ) ஒரு நாணயத்தால் அந்த இடத்தைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும். அடுக்குப் பிரிந்த இடத்தில் மந்தமாக, பொத்தென்று கேட்கும். மந்த ஒலி கேட்கும் எல்லையைப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். பெரும்பாலும் இந்த வட்டம் வெடிப்பைவிடப் பெரிதாக இருக்கும்.

இ) உட்புறமிருந்து கையால் அழுத்திப் பாருங்கள். அவ்விடம் மட்டும் உள்வாங்கினால் நார்கள் அறுந்துள்ளன. அசையாமல், மேற்பரப்பில் மட்டும் சிலந்தி வலைபோலக் கோடுகள் இருந்தால் அது ஜெல்கோட்டில் மட்டும் உள்ள வெடிப்பாக இருக்கலாம். அதற்கு வெளிப்பூச்சைத் திருத்தினால் போதும்.

ஈ) பக்கக் கட்டையைத் தாங்கும் கம்புகள் கட்டப்படும் இடங்கள், அமரும் பலகை பொருந்தும் இடங்கள், படகின் முதுகெலும்பாகிய அடித்தண்டு, பாய் கட்டும் படகாயின் பாய்மரம் ஊன்றும் இடம் ஆகியவற்றை விசேடமாகக் கவனியுங்கள். பாரமும் இழுப்பும் இந்த இடங்களில்தான் சேர்கின்றன.

இரண்டாம் படி: காய விடுதல்

நமது மலைநாட்டில் அதிக பொறுமை தேவைப்படும் படி இதுவே. ஈரமான நாரின்மேல் ரெசின் ஒட்டாது. ஒட்டியதுபோலத் தெரிந்தாலும் பின்னர் கழன்றுவிடும். வெடிப்பின் ஓரத்தில் உதிர்ந்து நிற்கும் துண்டுகளை நீக்கிவிட்டு, மழையும் பனியும் படாத, காற்றோட்டமுள்ள கூரையின்கீழ் படகை வையுங்கள். ஒரு வாரமாவது விட வேண்டும். பல மாதம் நீரில் கிடந்த படகுக்கு இரண்டு, மூன்று வாரங்களும் ஆகலாம்.

காய்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. தெளிவான பொலிதீன் துண்டொன்றை அவ்விடத்தின்மேல் வைத்து நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் ஒட்டி, வெயில் படும்படி அரை நாள் விடுங்கள். பொலிதீனின் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சீக்கிரம் காய வேண்டுமென்று படகின் அருகே நெருப்பு மூட்ட வேண்டாம். சூடு ரெசினைக் கெடுக்கும்; படகே தீப்பிடிக்கவும் கூடும்.

நல்ல வேளையாக, வெடிப்பு அதிகம் ஏற்படும் சனவரி முதல் மார்ச் வரையான மாதங்களே மஸ்கெலியாவில் மழை குறைந்த மாதங்களுமாகும். தென்மேற்குப் பருவ மழை தொடங்கினால் படகு காய்வதும் கடினம், ரெசின் இறுகுவதும் கடினம். திருத்த வேலையை அதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பொருட்களைச் சேர்த்தல்

பொலியெஸ்டர் ரெசின், அதை இறுக வைக்கும் ஹாட்னர், கண்ணாடி நார் மேட், ஜெல்கோட், கருவிகளைக் கழுவ அசிற்றோன், தூரிகைகள், பொலிதீன் தாள், முரட்டு உப்புத்தாள், இறப்பர் கையுறை, கண்ணாடி, முகமூடி ஆகியவை வேண்டும். மேட் வாங்கும்போது சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ளதைக் கேளுங்கள். ரெசினில் நனைந்து இறுகியபின் இதன் ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வரும். சிறு படகின் அடி 5 மில்லிமீற்றர் என்றால் 5 அடுக்கு வேண்டும் என்று கணக்கிடுவது எளிது.

ரெசின் எவ்வளவு? மேட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு. ஓர் அடி நீளமான வெடிப்பை, 5 அடுக்கும் அதற்குமேல் ஓர் அகலமான அடுக்கும் வைத்துக் கட்டுவதற்கு 120 கிராம் அளவு மேட்டும் 300 கிராம் அளவு ரெசினும் செல்லும். தூரிகையிலும் கோப்பையிலும் வீணாவதையும் சேர்த்து அரைக் கிலோ ரெசின் வாங்கினால் போதுமானது. மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம் என்று அதிகம் வாங்க வேண்டாம். திறந்த ரெசின் சில மாதங்களில் தடித்துக் கெட்டுவிடும்.

எச்சரிக்கை

இந்தப் பொருட்களை விளையாட்டாக எண்ணக்கூடாது. ஹாட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும். பட்டுவிட்டால் உடனே சுத்தமான நீரால் 15 நிமிடமாவது தொடர்ந்து கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வேலை தொடங்கு முன்பே ஒரு வாளி நல்ல நீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில கடைகளில் கொபோல்ட் எனும் ஊதா நிறத் திரவம் தனியாகத் தரப்படும். இதையும் ஹாட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. அவ்வாறு கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கடைக்காரர் சொல்லும் அளவு கொபோல்ட்டை முதலில் ரெசினில் இட்டு நன்கு கலக்கி முடித்த பின்னரே ஹாட்னரைச் சேர்க்க வேண்டும். கொபோல்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்குவது இன்னும் பாதுகாப்பானது.

ரெசினும் அசிற்றோனும் எளிதில் தீப்பற்றும். லயத்து அறைக்குள், அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் இவ்வேலையைச் செய்யாதீர்கள். பீடி, சிகரெட் வேண்டாம். உப்புத்தாளால் தேய்க்கும்போது கிளம்பும் கண்ணாடித் தூள் நெஞ்சுக்குக் கேடு. முகமூடி இல்லாமல் தேய்க்க வேண்டாம். பிள்ளைகளையும் கர்ப்பிணிப் பெண்களையும் அவ்விடத்துக்கு வரவிடாதீர்கள். குடிநீர்ப் போத்தலில் ஹாட்னரை ஊற்றி வைக்கும் பழக்கம் அறவே ஆகாது.

நான்காம் படி: சரிவாகத் தேய்த்தல்

பெரும்பாலோர் தவறும் இடம் இது. வெடிப்பின் நேர்மேலே மட்டும் சுரண்டிவிட்டு மேட்டை வைத்தால், புதுப் பகுதி பழைய பகுதியோடு ஒட்டுவதற்கு இடமே இருக்காது. அடிப்பலகையின் தடிப்பைப் போல 12 மடங்கு தூரத்துக்கு, வெடிப்பின் ஒவ்வொரு பக்கமும் சரிவாகத் தேய்க்க வேண்டும். 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள படகுக்கு இது 60 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ இரண்டரை அங்குலம். ஆழமில்லாத ஒரு தட்டைப்போல, நடுவில் ஆழமாகவும் ஓரம் போகப்போக மேலெழுந்தும் அது அமைய வேண்டும்.

உட்புறத்தில் கை எட்டுமானால் உட்புறமிருந்தே தேயுங்கள். அப்போது படகின் வெளி வடிவம் கெடாது. முரட்டு உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்க்கலாம். கிரைண்டர் இருந்தால் வேலை விரைவில் முடியும். வெண்மையாக மாறிய நார், பிரிந்த அடுக்கு, முன்பு அப்பிய தார், புட்டி யாவும் போகும்வரை தேய்க்க வேண்டும். பென்சிலால் வரைந்த வட்டம் முழுவதும் இதில் அடங்க வேண்டும். தேய்த்து முடிந்ததும் தூளைத் துலக்கி, அசிற்றோன் தொட்ட சுத்தமான துணியால் ஒரு முறை துடைத்து உலர விடுங்கள். அதன்பின் அவ்விடத்தை வெறுங்கையால் தொட வேண்டாம். கையின் எண்ணெய்ப் பிசுக்கே ஒட்டுவதைத் தடுக்கும்.

வெடிப்பு மறுபக்கம்வரை திறந்திருந்தால், ஒரு மெல்லிய பலகையைப் பொலிதீனால் மூடி, வெளிப்புறத்தில் படகின் வளைவுக்கேற்ப அழுத்திக் கட்டுங்கள். அது ரெசின் ஒழுகாமல் தாங்கும். இறுகியபின் பொலிதீன் எளிதில் கழன்றுவிடும்.

ஐந்தாம் படி: அடுக்குதல்

வெயில் உள்ள நாளில் காலை 10 மணிக்குப் பின் தொடங்குங்கள். பொலியெஸ்டர் ரெசின் சரியாக இறுக 15 பாகை செல்சியசுக்குக் குறையாத சூடு வேண்டும். நமது பகுதியில் சனவரி, பெப்ரவரி இரவுகளில் குளிர் அதற்குக் கீழே இறங்குவதுண்டு. பிற்பகலில் மூடுபனியும் இறங்கும். மாலை வேலையாகத் தொடங்கினால் மறுநாள் காலையிலும் ரெசின் பிசுபிசுப்பாகவே கிடக்கும்.

மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் ஓரங்களைக் கையால் கிழித்தெடுங்கள். கிழிந்த ஓரம் பழைய பரப்போடு தடம் தெரியாமல் சேரும். முதல் துண்டு வெடிப்பை மூடும் சிறிய துண்டாகவும், அடுத்தடுத்த துண்டுகள் ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் பெரிதாகவும் இருக்கட்டும். எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாரித்து வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். ரெசின் கலந்தபின் தேடித் திரிய நேரமிராது.

ஒரு முறைக்கு 100 கிராம் ரெசின் மட்டும் கலக்குங்கள். மஸ்கெலியாக் குளிருக்கு அதில் 2 மில்லிலீற்றர் ஹாட்னர் வேண்டும். வன்னி வெயிலில் 1 மில்லிலீற்றர் போதும். ஊசியில்லாத சிரிஞ்சினால் அளந்து விடுங்கள், கண்மட்டம் வேண்டாம். ஒன்றுக்குக் குறைந்தால் ரெசின் என்றுமே முழுதாக இறுகாது. விரைவில் இறுகட்டும் என்று இரண்டுக்கு மேல் ஊற்றினால் அது நொறுங்கும் தன்மை அடையும். முதலில் ஒரு மூடியளவு கலந்து எத்தனை நிமிடத்தில் இறுகுகிறது என்று பார்ப்பது நல்லது. 15 முதல் 20 நிமிடம் கிடைத்தால் நிதானமாக வேலை செய்யலாம்.

தேய்த்த பரப்பில் ரெசினைத் தூரிகையால் பூசி, முதல் மேட் துண்டை வைத்து, தூரிகையின் நுனியால் குத்திக் குத்தி நனையுங்கள். இழுத்துத் தேய்த்தால் நார் இடம்பெயரும். நன்கு நனைந்த மேட்டில் வெண்மை மறைந்து அடிப்பரப்புத் தெரியும். வெண்புள்ளி தெரியும் இடமெல்லாம் காற்றோ, நனையாத நாரோ இருக்கிறது. அதை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுங்கள். ரெசினைக் குளம்போலத் தேங்க விடவும் வேண்டாம். நாரில்லாத ரெசின் வலுவற்றது என்று முன்பே கண்டோம்.

மூன்று அடுக்கு முடிந்ததும் நிறுத்துங்கள். ரெசின் இறுகும்போது சூடாகும். ஒரேயடியாக அதிகம் வைத்தால் சூடு மிஞ்சி அடுக்குகள் சுருங்கி வெடிக்கும். சூடு தணிந்தபின், அதே நாளில் மீதி அடுக்குகளை வையுங்கள். எல்லாம் முடிந்ததும், சரிவின் விளிம்பைத் தாண்டி இரண்டு அங்குலம் வரும்படி ஓர் அகலமான மேட்டை உட்புறத்தில் இடுங்கள். அது விழும் இடத்தையும் முன்னரே தேய்த்து வைத்திருக்க வேண்டும். கடைசி அடுக்கின்மேல் பொலிதீன் தாளை ஒட்டி மூடினால் மேற்பரப்பு பிசுபிசுப்பின்றி இறுகும்.

ஆறாம் படி: வெளிப்பூச்சு

மறுநாள் வெளிப்புறப் பலகையைக் கழற்றுங்கள். வெளியே தெரியும் வெடிப்புக் கோட்டைச் சிறு வாய்க்கால்போலத் தேய்த்துத் துப்புரவாக்கி, ரெசினில் நறுக்கிய கண்ணாடி நாரைக் கலந்து கூழாக்கி நிரப்புங்கள். இறுகியபின் மட்டமாகத் தேய்த்து, அதன்மேல் ஜெல்கோட் இரு முறை பூசிப் பொலிதீனால் மூடி விடுங்கள். இங்கே பூச்சுக்கு இடமுண்டு; ஏனெனில் உள்ளே நார் கட்டப்பட்டுவிட்டது.

ஏழாம் படி: சோதித்தல்

ஒரு நாளில் கைக்குக் கடினமாகத் தெரிந்தாலும், நமது குளிரில் ஒரு வாரம் நீரில் இறக்காமல் வைப்பதே நல்லது. பின்னர் அசிற்றோன் தொட்ட துணியால் ஓர் ஓரத்தைத் தேயுங்கள். பிசுபிசுத்தால் இன்னும் சில நாள் வெயிலில் விடுங்கள். நாணயத்தால் தட்டி ஒலியைக் கேளுங்கள். திருத்திய இடத்தில் மூன்று, நான்கு வாளி நீர் தேங்கும்படி ஊற்றி, ஓர் இரவு விட்டு, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் நீந்தத் தெரிந்த இருவர் மட்டும், உயிர்காப்பு அங்கி அணிந்து, கரையோரமாக ஓட்டிப் பார்க்கட்டும். அதற்கு முன் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

நாமே செய்யக் கூடாதவை

அடித்தண்டு குறுக்கே முறிந்திருந்தால், வெடிப்பு ஒரு பக்க விளிம்பிலிருந்து அடியைத் தாண்டி மறு பக்கம்வரை ஓடியிருந்தால், பல இடங்களில் அடுக்குப் பிரிந்து மந்த ஒலி கேட்டால், அது கைவேலையால் தீரும் காயமல்ல. அனுபவமுள்ள படகு கட்டுவோரிடம் காட்டுங்கள். முன்னும் பின்னும் உள்ள மிதவைப் பெட்டிகளுக்குள் நீர் புகுந்திருந்தாலும் மேலே பூசி மூடிவிடாதீர்கள். திறந்து, உள்ளிருக்கும் நுரைப்பொருளைக் காய வைக்கவோ மாற்றவோ வேண்டும். படகு கவிழ்ந்தால் அதை மூழ்காமல் தாங்குவது அந்தப் பெட்டிகளே.

சேர்ந்து செய்வோம்

ரெசினும் மேட்டும் தனி ஒருவர் சிறிதளவாக வாங்கும்போது விலை கூடுகிறது, மிஞ்சியது வீணாகிறது. ஐந்தாறு படகுக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, ஆண்டுக்கு ஒரு முறை, பெப்ரவரி மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, எல்லாப் படகுகளையும் கரையேற்றிச் சோதித்துத் திருத்தினால் செலவு குறையும். ஒருவர் கற்றதை மற்றவர் கற்பர். கிரைண்டர், முகமூடி, சிரிஞ்சு ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைக்கலாம். மீனவர் சங்கம் உள்ள இடங்களில் மாதச் சந்தாவிலிருந்து சிறு தொகையை இதற்கென ஒதுக்கலாம். சங்கம் இல்லாத இடங்களில் இந்த வேலையே ஒரு சங்கத்துக்கு வித்தாகலாம். பெண்களும் இதில் முழுப் பங்கு எடுக்க வேண்டும். அளவு தவறாமல் கலப்பதும், காற்றுக் குமிழ் விடாமல் மேட்டை நனைப்பதும் பொறுமையுள்ள கைகளின் வேலை. கொழுந்து பறித்துப் பழகிய கைகளுக்கு அது புதிதல்ல.

வெடிப்பு வராமல் காப்பது இதைவிட எளிது. படகைக் கல்லின்மேல் இழுக்காமல், பழைய டயரையோ வாழைத் தண்டையோ பரப்பி அதன்மேல் இழுங்கள். அடித்தண்டின்மேல் இரண்டடுக்கு மேட்டை மேலதிகமாக ஒட்டிவிட்டால் தேய்வதை அது தாங்கும். நீர் தாழும் மாதங்களில் பழைய நகரின் சுவர்களும் பாறைகளும் எங்கெங்கே மேலெழுகின்றன என்பதை மூத்தவர்கள் அறிவர். கடைவீதி எங்கே ஓடியது, கோயில் எங்கே நின்றது என்று அவர்களிடம் கேட்டு, அந்த இடங்களில் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டி வையுங்கள். படகைக் காப்பதோடு, அந்த நகரம் இருந்த இடத்தைப் பிள்ளைகள் அறிந்துகொள்ளவும் அது உதவும்.